ஜெருசலேமிலிருந்து சிலாங்கூருக்கு வந்த அவசரகாலம்

கேள்வி

மலேசியக் கடப்பிதழில் ஒரு வரி உண்டு: இஸ்ரேல் தவிர்த்த எல்லா நாடுகளுக்கும் இது செல்லும் என்பது அதன் சாரம். புக்கிட் ரோத்தானிலும் ஜெராமிலும் ஈஜோக்கிலும் வாழும் தமிழர் பலருக்குப் பாலஸ்தீனத்தோடு இருக்கும் எழுத்து வழித் தொடர்பு அந்த ஒரு வரிதான். மற்றபடி அது மசூதியில் நிதி திரட்டுவோரின் விவகாரம், அரசியல் தலைவர்கள் மேடையில் முழங்கும் விவகாரம், நமக்கு வெளியே நடப்பது என்ற எண்ணமே நம்மிடம் ஊன்றியிருக்கிறது.

இக்கட்டுரை அந்த எண்ணத்தைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. 1948 மே மாதம் பிரிட்டிஷ் நிர்வாகம் பாலஸ்தீனத்தை விட்டு வெளியேறியது. அடுத்த மாதமே, கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை முன்னிட்டு, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அங்கே அலுவல் பார்த்தவர்களில் கணிசமானோர் அதே ஆண்டில் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது என்ன? வட சிலாங்கூர்த் தோட்டங்களின் லயங்களில் அது என்ன செய்தது? பாலஸ்தீனத் தேசிய இயக்கத்தை நாம் புரிந்துகொள்ள அந்த வரலாறு எந்த அளவுக்கு உதவும்? இவற்றுக்கு விடை தேடும்போது, ஒப்பீடு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

வழக்கத்தில் உள்ள வாசிப்புகள்

மலேசியாவின் அதிகாரபூர்வ நிலைப்பாட்டில் பாலஸ்தீனம் பெரிதும் இஸ்லாமிய ஒருமைப்பாட்டின் மொழியிலேயே பேசப்படுகிறது. அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1969 ஆகஸ்டு 21ல் ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்குத் தீ வைக்கப்பட்டது. அடுத்த மாதம் ரபாத்தில் கூடிய உச்சி மாநாட்டிலிருந்து இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு உருவானது. அதன் முதல் தலைமைச் செயலாளராக அமர்ந்தவர் துங்கு அப்துல் ரஹ்மான். 1981ல் மகாதீர் அரசு பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு முழுத் தூதரகத் தகுதி வழங்கியது. 1988 நவம்பரில் அல்ஜியர்ஸில் பாலஸ்தீன அரசு பிரகடனம் செய்யப்பட்டதும் மலேசியா அதை ஏற்றது. இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் இந்த ஆதரவு பேசப்பட்ட மொழி முஸ்லிம் அல்லாத குடிமக்களை வெறும் பார்வையாளர்களாக நிறுத்திவிட்டது.

பாலஸ்தீன இயக்கத்தின் சொந்த வரலாறு அவ்வளவு குறுகியதன்று. 1911ல் யாஃபாவில் தொடங்கிய ‘ஃபலஸ்தீன்’ இதழை நடத்தியவர்கள் கிறித்துவர்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஊர் ஊராக எழுந்த அமைப்புகள் ‘முஸ்லிம்-கிறித்துவச் சங்கங்கள்’ என்றே பெயர் பூண்டன. 1967ல் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைத் தொடங்கிய ஜார்ஜ் ஹபாஷும், 1969ல் அதிலிருந்து பிரிந்து ஜனநாயக முன்னணியை அமைத்த நயீஃப் ஹவாத்மேயும் கிறித்துவக் குடும்பங்களில் பிறந்த மார்க்சியர்கள். ஹமாஸ் தோன்றியது 1987 டிசம்பரில், முதல் இன்டிஃபாதா என்ற மக்கள் எழுச்சியின்போது. அதற்கு முந்தைய எழுபதாண்டுகள் நம் ஊர்ப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை.

தமிழரிடையே வேறொரு வாசிப்பும் உண்டு. 1975ல் லண்டனில் உருவான ஈழப் புரட்சி அமைப்பு (ஈரோஸ்) அங்கிருந்த பாலஸ்தீனப் பிரதிநிதிகளோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது. அதன் வழியாக ஈழ இளைஞர்கள் சிலர் லெபனான் சென்று பாலஸ்தீன அமைப்பான ஃபதாவிடம் ஆயுதப் பயிற்சி பெற்றார்கள். மறுபக்கம், 1984ல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் பிரிவு திறக்கப்பட்டு, இலங்கைப் படைகளுக்கு இஸ்ரேலிய ஆலோசனை கிடைத்தது. ஆக, ஈழத்தமிழரில் ஒரு தலைமுறைக்குப் பாலஸ்தீன இயக்கம் முன்மாதிரியாகவே இருந்தது. அந்த ஈர்ப்பின் மையம் ஆயுதம். இங்கே நான் பேச விரும்புவது ஆயுதத்துக்கு முந்திய ஒன்றை: சங்கம், குழு, வேலைநிறுத்தம், ஊர்க்கூட்டம் ஆகியவற்றை.

1936: ஒரு வேலைநிறுத்தமும் அதன் தண்டனையும்

1936 ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை பாலஸ்தீன அரபு மக்கள் நடத்திய பொது வேலைநிறுத்தம் ஆறு மாதம் நீடித்தது. ஊருக்கு ஊர் தேசியக் குழுக்கள் அமைந்தன. யாஃபா துறைமுகம் முடங்கியது. கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் துறைமுகக் கூலிகளும் ஒன்றுசேர்ந்தார்கள். யூதக் குடியேற்றத்தை நிறுத்துதல், யூதர்களுக்கு நிலம் விற்பதைத் தடை செய்தல், மக்களுக்குப் பொறுப்பான அரசை அமைத்தல் என்ற மூன்றும் அவர்களது கோரிக்கைகள். தலைமை தாங்கிய அரபு உயர்குழுவுக்கு ஜெருசலேம் முஃப்தி ஹாஜ் அமீன் அல்-ஹுசைனி தலைவர்.

பிரிட்டிஷ் பதிலடியில் ஒரு நிகழ்ச்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1936 ஜூன் மாதம் யாஃபாவின் பழைய நகரில் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களைப் படையினர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வளைந்து வளைந்து செல்லும் அதன் குறுகிய சந்துகளுக்குள் படைகள் எளிதில் நுழைய முடியவில்லை என்பதே உண்மைக் காரணம். ஆனால் விமானத்திலிருந்து வீசப்பட்ட துண்டறிக்கைகள் நகர மேம்பாட்டுக்காகவும் சுகாதாரத்துக்காகவும் இதைச் செய்வதாக அறிவித்தன. ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வீடிழந்தார்கள். பாலஸ்தீனத் தலைமை நீதிபதி மைக்கேல் மெக்டானல், அரசு உண்மைக் காரணத்தை மறைத்ததைத் தம் தீர்ப்பிலேயே கண்டித்தார். சில மாதங்களில் அவரது பதவிக்காலம் முடித்துவைக்கப்பட்டது. மேம்பாட்டின் பெயரால் வீடு இடிபடுவதைக் கண்ட தோட்டத்து மக்களுக்கு அந்தத் துண்டறிக்கையின் நடை அந்நியமாக இருக்காது.

1937 ஜூலையில் பிரிட்டிஷ் அரசின் பீல் ஆணையம் நாட்டைப் பிரிக்கப் பரிந்துரைத்ததும் கிளர்ச்சி மீண்டும் மூண்டது. செப்டம்பரில் கலிலியின் மாவட்ட ஆணையர் லூயிஸ் ஆண்ட்ரூஸ் நாசரேத்தில் கொல்லப்பட்டார். உடனே அரபு உயர்குழு தடை செய்யப்பட்டது. ஜெருசலேம் மேயர் உட்பட ஐந்து தலைவர்கள் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். முஃப்தி லெபனானுக்குத் தப்பினார். கல்கத்தா போலீஸ் ஆணையராக இருந்து வங்கப் புரட்சியாளர்களை ஒடுக்கிய சர் சார்லஸ் டெகார்ட் பாலஸ்தீனத்துக்கு வரவழைக்கப்பட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோட்டை போன்ற போலீஸ் நிலையங்களும், 1938ல் வடக்கு எல்லையில் எழுந்த முள்கம்பி வேலியும் அவரது திட்டங்கள். ஊர் முழுவதற்கும் கூட்டு அபராதம், வீடு தகர்ப்பு, பயணத்துக்கு அடையாளச் சீட்டு என ஒரு முழுத் தொகுதியே நடைமுறைக்கு வந்தது. 1939 மே மாதம் ஹல்ஹூல் கிராமத்து ஆண்களைக் கம்பிக் கூண்டுக்குள் வெயிலில் நாட்கணக்கில் அடைத்துவைத்ததில் பலர் இறந்தார்கள்.

1936-39 காலத்தில் வயது வந்த அரபு ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், காயமுற்றனர், சிறைப்பட்டனர் அல்லது நாடு கடத்தப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் ரஷீத் காலிதி மதிப்பிடுகிறார். 1948ன் தோல்வி பத்தாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பது அவருடைய வாதம். 1972ல் இக்கிளர்ச்சியை ஆராய்ந்த பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி, பிரிட்டிஷாரையும் சியோனியத்தையும் குறைகூறுவதோடு நிற்கவில்லை. நிலக்கிழார்க் குடும்பங்களிடம் சிக்கிய தலைமையையும், வேலைநிறுத்தத்தைக் கைவிடச் சொன்ன அண்டை அரபு மன்னர்களையும் சேர்த்தே குற்றம் சாட்டினார். இரு வாதங்களையும் சேர்த்துப் படிப்பதே சரி. ஒடுக்குமுறை கடுமையாக இருந்தது. அதைத் தாங்கி நிற்கும் அமைப்பும் முதிரவில்லை. கிளர்ச்சிக்காரர்கள் சக அரபுகள் பலரைத் துரோகிகள் என்று கொன்றதும் அந்த முதிர்ச்சியின்மையின் பகுதிதான்.

1948: யார் வந்தார்கள்

1948 மே 14ல் ஜெருசலேமை விட்டுக் கிளம்பிய பாலஸ்தீனத் தலைமைச் செயலர் சர் ஹென்றி கர்னி, அக்டோபரில் மலாயாவின் ஹைகமிஷனராகப் பொறுப்பேற்றார். பாலஸ்தீனப் போலீஸின் கடைசித் தலைவரான கர்னல் நிக்கல் கிரே அதற்கு முன்பே வந்து மலாயாவின் போலீஸ் ஆணையராகிவிட்டார். அவரைத் தொடர்ந்து பாலஸ்தீனப் போலீஸில் இருந்த ஏறத்தாழ 500 சார்ஜெண்டுகள் வந்தார்கள். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் காவலுக்கு நிறுத்தப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்குப் பயிற்சி தந்து வழிநடத்தியவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

இந்த ஆள்மாற்றத்தைச் சிலர் நேர்கோடாக வரைந்துவிடுகிறார்கள்: பாலஸ்தீனத்தில் அரபுகளை ஒடுக்கிய முறை அப்படியே மலாயாவுக்கு வந்தது என்று. சான்றுகள் அவ்வளவு நேராக இல்லை. கர்னி பாலஸ்தீனம் சென்றதே 1946ல், யூதத் தலைமறைவுப் படைகள் ஜெருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலைத் தகர்த்து 91 பேரைக் கொன்ற பிறகு. அவரும் கிரேயும் அங்கே எதிர்கொண்டது பெரும்பாலும் யூத ஆயுதக் குழுக்களை. அதுபோலவே, மலாயாவின் அவசரகால விதிகள் கர்னி வருமுன்பே, 1948 ஜூலையில் சட்டமாகிவிட்டன. பாலஸ்தீன அனுபவம் கர்னிக்குக் கற்பித்த பெரிய பாடம், இராணுவம் சிவில் ஆட்சிக்குக் கீழ்ப்பட்டு நடக்க வேண்டும் என்பதே. பழைய மலாயா அதிகாரிகளுக்கும் ‘பாலஸ்தீனத்து ஆட்களுக்கும்’ இடையே உரசல் இருந்ததையும் இந்தக் காலத்தை எழுதிய வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். மலாயாவின் பெரும் நடவடிக்கையான மக்கள் இடப்பெயர்ப்புக்குப் பாலஸ்தீனத்தில் முன்னோடி இல்லை. அதன் வேர்களைத் தென்னாப்பிரிக்க போயர் போர் வரை தேடிச் செல்கிறவர்கள் உண்டு.

அப்படியானால் பொதுவாக நின்றது எது? சட்டத்தின் வடிவம் என்பேன். 1937ன் அரச ஆணையும், அதன்கீழ் 1945ல் தொகுக்கப்பட்ட பாலஸ்தீனப் பாதுகாப்பு (அவசரகால) விதிகளும், 1948ன் மலாயா அவசரகால விதிகளும் ஒரே பட்டறையில் அடித்தவை. விசாரணையின்றித் தடுத்துவைத்தல், நாடு கடத்தல், ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை, ஊரடங்கு, கூட்டுத் தண்டனை ஆகியவை இரண்டிலும் உண்டு. 1949 ஜனவரியில், கர்னியின் ஆட்சியில் சேர்க்கப்பட்ட 17டி விதி ஒரு பகுதியில் வாழும் எல்லோரையும் மொத்தமாகத் தடுத்துவைக்க இடம் தந்தது. தனிமனிதன் செய்த குற்றம் எது என்று நிறுவ வேண்டிய கடமையிலிருந்து அரசு தன்னை விடுவித்துக்கொண்டது. 1936ல் யாஃபாவில் தொடங்கியதும் அதுதான்.

தோட்டத்துக்குள்

சிலாங்கூர்த் தமிழருக்கு அவசரகாலம் 1948ல் புதிதாக அறிமுகமானதல்ல. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தை நினைவுகூர வேண்டும். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை வழிநடத்தியவர்களில் ஒருவர் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. கூலிக் கணக்குக்குள் அடங்காத கோரிக்கை அது. மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மே 16ல் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு இந்தியப் படையினரே வரவழைக்கப்பட்டார்கள். ஐந்து தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கம்யூனிஸ்டு ஆயுதப் போராட்டத்துக்கு ஏழாண்டு முன்பே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1948ன் அவசரகாலம் ஆயுதத்துக்கு மட்டுமே எதிரானது என்று சொல்வதை ஏற்க என்னைத் தடுப்பது இந்த 1941தான்.

போருக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் தோட்டங்களில் சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக வந்தவர் எஸ். ஏ. கணபதி, இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த தமிழர். 1948 ஜூனில் சட்டத்தைத் திருத்திச் சம்மேளனத்தின் பதிவு பறிக்கப்பட்டது. கணபதி பின்னர் ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தில் துப்பாக்கியோடு பிடிபட்டார். அவசரகால விதிகளின்படி மரண தண்டனை விதிக்கப்பட்டு, இந்திய அரசின் வேண்டுகோளையும் மீறி 1949 மே 4ல் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முந்தைய நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் படையினரின் துப்பாக்கிக்கு இரையானார். கணபதியின் கையில் துப்பாக்கி இருந்தது எப்படி என்பதில் வாதப் பிரதிவாதம் உண்டு. ஆனால் சம்மேளனத்தின் பதிவு அதற்கு முன்பே போய்விட்டது; வரிசை அப்படித்தான் இருக்கிறது.

1950 ஏப்ரலில் அவசரகால நடவடிக்கைகளின் இயக்குநராகப் பொறுப்பேற்ற சர் ஹெரால்டு பிரிக்ஸின் திட்டத்தில் இரண்டு பாகங்கள் இருந்தன. காட்டோரம் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், நானூறுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதிகம் பேசப்படாதது இரண்டாவது பாகம்: தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளை ஓரிடத்தில் குவித்து வேலி போட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் அடங்கினர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழ்த் தொழிலாளரைத் தொட்டது பெரிதும் இதுதான்.

விடியுமுன் பெரட்டு முடிந்து வாசலில் வரிசை. முள்கம்பி வேலியின் வாசல் குறித்த நேரத்துக்குத்தான் திறக்கும். மங்கும் வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு வெளியேறும் ஆணும் பெண்ணும் சோதிக்கப்படுவார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்பதற்காக மதியச் சோறு கட்டிக்கொண்டு போகத் தடை. விடியலில் பால்மரம் வெட்டப் போனவர் லயத்துக்குத் திரும்பும்வரை வெறும் வயிற்றோடு வேலை செய்தார். அடையாள அட்டை இல்லாமல் நடமாட முடியாது. இன்று நாம் நிமிடத்துக்கொரு தரம் எடுத்துக் காட்டும் ஐ.சி. இந்த நாட்டில் பிறந்ததே அந்த அவசரகாலத்தில்தான். பத்தாண்டுக்கு முன் பாலஸ்தீனத்துச் சாலைகளில் கேட்கப்பட்ட சீட்டுக்கும் அதற்கும் நோக்கம் ஒன்றே: யார் எங்கே போகிறார்கள் என்பதை அரசு அறிந்திருக்க வேண்டும்.

ஒப்பீட்டின் எல்லை

இங்கே நிதானம் தேவை. இரண்டு மக்களின் கதையும் ஒன்றல்ல. பாலஸ்தீனர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணின் மக்கள். 1948ல் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர் விரட்டப்பட்டும் அஞ்சி ஓடியும் வெளியேறினார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாயின. திரும்பி வரும் உரிமை அவர்களுக்கு இன்றுவரை மறுக்கப்படுகிறது. தோட்டத் தமிழர் கூலிக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களைச் சுற்றி எழுந்த வேலி அவர்களின் தாயகத்தைப் பறிக்கவில்லை. இரண்டையும் சமன் செய்வது பாலஸ்தீனருக்கு அநீதி.

மலாயாவின் அவசரகாலத்தில் மிகுதியாகத் துன்புற்றவர் சீனக் குடியானவர்களும் ஓராங் அஸ்லி மக்களும். 1948 டிசம்பர் 12ல் உலு சிலாங்கூரின் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் படையினர் நிராயுதபாணிகளான 24 சீனத் தொழிலாளரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுபக்கம், தோட்டத்துத் தமிழர் கம்யூனிஸ்டுகளின் கையிலும் மடிந்தார்கள். கங்காணிகளும் கிராணிகளும் மட்டுமல்ல, சாதாரணப் பால்வெட்டுத் தொழிலாளரும் கொல்லப்பட்டார்கள். பிழைப்புக்கு ஆதாரமான பால்மரங்கள் வெட்டிச் சிதைக்கப்பட்டன. 1951 அக்டோபர் 6ல் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கர்னியே கம்யூனிஸ்டுகளின் பதுங்குத் தாக்குதலில் இறந்தார். இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த வரலாறும் அன்றைய லயத்தில் வாழ்ந்தவரின் வரலாறாகாது.

இவ்வளவையும் ஒதுக்கிய பிறகும் ஓர் ஒற்றுமை நிலைக்கிறது. இரண்டு இடத்திலும் அவசரகாலச் சட்டம் துப்பாக்கி ஏந்தியவரைத் தேடிப் புறப்பட்டு, வழியில் சங்கத்தையும் குழுவையும் உடைத்தது. துப்பாக்கிகள் காலப்போக்கில் ஓய்ந்தன. உடைந்த அமைப்பு மட்டும் எளிதில் ஒட்டவில்லை.

அமைப்பை இழந்தவர்களும் மீட்டவர்களும்

இதன் விளைவை வட சிலாங்கூரில் அளந்து பார்க்கலாம். 1948க்குப் பிறகு தோட்டங்களில் அரசின் ஆசியோடு மிதவாதச் சங்கங்கள் வளர்ந்தன. 1954ல் அவை இணைந்து, பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. கூலி பேரத்தில் அது சில வெற்றிகளைப் பெற்றதை மறுக்க முடியாது. ஆனால் அது கூலியை மட்டுமே பேசும் சங்கம். நாதனின் பட்டியலில் சைக்கிளுக்கு இருந்த இடம் அதன் பேரத்தில் எதற்கும் இல்லை. ஐம்பதுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது தொழிலாளரிடம் அதை எதிர்கொள்ளும் கருவி இல்லை. பொருளியலாளர் உங்கு அசீஸ் அறுபதுகளின் தொடக்கத்தில் இந்தத் துண்டாடலைப் பற்றி ஆய்வு செய்தார். 1960ல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த முயற்சி அது. இருந்தும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் இத்தனை தோட்டங்களையும் வாங்கிவிட முடியுமா?

பிறகு ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்தது. பனை போன இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தவருக்குக் கம்பெனி தந்தது வேலைநீக்கக் கடிதமும், வீட்டைக் காலி செய்ய ஒரு தேதியும். பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் மேரி, மின்யாக், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார் தோட்டக் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடின. 245 வீடுகள் கட்டும் திட்டம் 2023ல்தான் அடியெடுத்து வைத்தது. இத்தனை காலம் பிடித்ததற்கு நில உரிமையாளரின் மனம் மட்டும் காரணமல்ல. வீட்டுரிமையைத் தொழிலாளர் உரிமையாகக் கேட்டுப் போராடியிருக்க வேண்டிய அமைப்பு நாற்பதுகளிலேயே வேரோடு பிடுங்கப்பட்டிருந்தது.

பாலஸ்தீனரின் கதை இங்கேதான் வேறு திசையில் போகிறது. நாம் அவர்களிடம் கவனிக்க வேண்டியதும் இதுவே. 1948ன் பேரழிவுக்குப் பிறகு அவர்களிடம் மண்ணும் இல்லை, தலைமையும் இல்லை. அகதி முகாம்களிலும், கெய்ரோ பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கத்திலும், குவைத்தில் வேலைக்குப் போன ஆசிரியர், பொறியாளர் மத்தியிலும் அவர்கள் அமைப்பை மறுபடி கட்டினார்கள். ஐம்பதுகளின் இறுதியில் ஃபதா உருவானது. 1964ல் அரபு அரசுகளின் முன்முயற்சியில் பாலஸ்தீன விடுதலை இயக்கம் தொடங்கப்பட்டது. 1968ல் ஜோர்டானின் கராமே சண்டைக்குப் பின் ஃபதாவுக்கு ஆள்கள் குவிந்தார்கள். 1969ல் யாசர் அரஃபாத் தலைவரானபோது இயக்கம் அரபு அரசுகளின் கையிலிருந்து பாலஸ்தீனர் கைக்கு வந்தது. மருத்துவமனை, பட்டறை, பெண்கள் சங்கம், எழுத்தாளர் சங்கம், தொழிற்சங்கம் என அவர்கள் முகாம்களில் எழுப்பிய நிறுவனங்களை வரலாற்றாசிரியர் யெசித் சாயிக் தம் ஆய்வில் ‘அரசு இல்லாத அரசாக்கம்’ என்ற கோணத்தில் பார்க்கிறார். எனக்கு அவரது வாதத்தில் வலுவாகத் தெரிவது இதுதான்: ஆயுதப் போராட்டம் மண்ணை மீட்டுத் தரவில்லை, ஆனால் அதைச் சுற்றி எழுந்த நிறுவனங்கள் அகதிகளை மறுபடி ஒரு தேசமாக்கின.

1987ன் முதல் இன்டிஃபாதா இதை உறுதிசெய்தது. அது துனிஸில் இருந்த தலைமையின் உத்தரவால் எழவில்லை. மேற்குக் கரையிலும் காசாவிலும் எழுபதுகளிலிருந்து வளர்ந்த மாணவர், பெண்கள், தொழிலாளர் குழுக்களே அதை நடத்தின. கடையடைப்பு, வரி மறுப்பு, ஊர்க்குழு ஆகியவற்றில் 1936ன் சாயல் தெரிகிறது. 1993ன் ஆஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அக்குழுக்கள் புதிய ஆட்சியமைப்பின் நிழலில் தேய்ந்தன. 2006 தேர்தலில் ஹமாஸ் வென்றது. 2007ல் காசாவும் மேற்குக் கரையும் இரண்டு ஆட்சிகளாகப் பிளந்தன. அந்தப் பிளவின் பலவீனத்தோடுதான் பாலஸ்தீனர் 2023 அக்டோபருக்குப் பிந்தைய காசாப் பேரழிவைச் சந்தித்தார்கள். தங்கள் இயக்கத்தின் ஒற்றுமையை இழந்ததற்குப் பாலஸ்தீனத் தலைமைகளுக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்வது அவர்கள்மேல் பழி சுமத்துவதாகாது. அவர்களின் சிந்தனையாளர்களே இதை உரக்கச் சொல்லி வருகிறார்கள்.

சட்டத்தின் ஆயுள்

1945ன் பாலஸ்தீன அவசரகால விதிகளை 1946ல் முதலில் எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் யூத வழக்குரைஞர்கள் இருந்தார்கள். அன்று அவ்விதிகள் அவர்களது மக்கள்மீதும் பாய்ந்தன. 1948ல் இஸ்ரேல் உருவானபின் அதே விதிகளில் பெரும்பகுதி நீக்கப்படாமல் தொடர்ந்தது. 1966 வரை இஸ்ரேலுக்குள் வாழ்ந்த அரபுக் குடிமக்கள் இவற்றின்கீழ் இராணுவ நிர்வாகத்தில் இருந்தார்கள். வீடுகளைத் தகர்க்க அதிகாரம் தரும் 119ஆம் விதி மேற்குக் கரையில் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

மலாயாவில் அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. அதே ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அமைச்சரின் கையெழுத்து ஒன்றே போதும், ஒருவரை விசாரணையின்றி இரண்டு ஆண்டு அடைக்கலாம். கெடு முடிந்ததும் நீட்டிக்கலாம். 2007 நவம்பரில் கோலாலம்பூர்த் தெருக்களில் ஆயிரக்கணக்கான தமிழரைத் திரட்டிய இண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் டிசம்பரில் இச்சட்டத்தின்கீழ்க் கமுந்திங் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கோயில் இடிப்பும் தோட்டத்து வெளியேற்றமும் அந்தத் திரட்சியின் பின்புலம். பாலஸ்தீனரை இஸ்ரேல் விசாரணையின்றிச் சிறைவைப்பதை உலக மன்றங்களில் கண்டித்து வந்த ஓர் அரசு, அதே காலனிய மரபின் சட்டத்தால் தன் குடிமக்களை அடைத்துவைத்தது. கண்டனம் சரியானது. கமுந்திங் தவறானது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் குரல்கள் அன்று குறைவாகவே இருந்தன; தமிழர் பக்கத்திலும் பாலஸ்தீனத்தை நினைத்துப் பார்த்தவர் குறைவு.

2012ல் அச்சட்டம் நீக்கப்பட்டு, அதனிடத்தில் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம் வந்தது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்படப் பன்னிரண்டு பேர் அதன்கீழ்க் கைதாகி, பிணை மறுக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசுத் தலைமை வழக்குரைஞர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். அதற்குள் நான்கு மாதங்கள் கழிந்திருந்தன. சொஸ்மா இன்னும் நடைமுறையில் இருக்கிறது.